அழிந்தால், அழித்தால்

திருநெல்வேலி டவுனில் ‘பிரம்மநாயகி’ என்று விசாரித்தால் எந்தப் பிரம்மநாயகி என்று திருப்பிக் கேட்பார்கள். ‘கோட்டு டீச்சர்’ என்று விசாரித்தால், சாஃப்ட்பால் ஆடுகிற பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் வழி சொல்லிவிடுவார்கள். உடற்கல்வி ஆசிரியை. வயது நாற்பத்தேழு. மாவட்டத்தில் பெண்கள் சாஃப்ட்பாலுக்கு இருபது வருஷமாக அம்பயர். நல்லவளா என்றால் நல்லவள்தான். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள்; பிள்ளைகளுக்கு அடிபட்டால் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளைக் கண்டால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். அந்த ஆள் பெயர் அஸ்ஃபியா. இதை அவள் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதா என்ன? அவள் வீட்டுக்காரர் குமரகுருபரனுக்குக் கல்யாணமான முதல் மாசமே தெரிந்துவிட்டது.

பிரம்மநாயகியும் அஸ்ஃபியாவும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே டீம். அஸ்ஃபியா மேலப்பாளையத்துப் பிள்ளை. பெண்பிள்ளையைப் பந்து வீச அனுப்புகிறான் என்று தெருவில் நாலு பேர் பேசியதையும் காதில் போட்டுக்கொள்ளாத வாப்பா அவளுக்கு வாய்த்திருந்தார். அஸ்ஃபியா பந்து வீசுவாள். பிரம்மநாயகி, அடிக்கிறவள் பக்கத்தில் தரையில் பதித்த பிளேட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடிப்பாள். சாஃப்ட்பாலில் வீசுகிறவளை ஊரே பார்க்கும். பிடிக்கிறவளுக்கு முகத்தில் கம்பி மூடி. அவள் அழகா அசிங்கமா என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. ஜெயித்தால் அஸ்ஃபியாவின் கையால் ஜெயித்தோம் என்பார்கள். தோற்றால் பிடிக்கிறவள் விட்டுவிட்டாள் என்பார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதைதான். மூன்று வருஷம் அந்த மூடிக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்தே பிரம்மநாயகிக்கு இந்த நோய் வந்தது.

படிப்பு முடிந்ததும் அஸ்ஃபியாவைச் சிராஜுதீன் என்கிற ஷார்ஜாக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் அழுதவர்களில் பிரம்மநாயகியும் ஒருத்தி. அழுகை நிஜம்தான். விமானம் ஏறிப் போனதும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்ததே, அதுவும் நிஜம்தான். இனி இந்தச் சீமையில் சாஃப்ட்பால் என்றால் நாம்தான் என்று நினைத்தாள். அப்படியே ஆயிற்று.

அவள் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ஆட்டத்தின் விதிப்புத்தகம் இங்கிலீஷில் தடிமனாக இருக்கும். கிராமத்துப் பள்ளிக்கூட ஆசிரியர்கள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கத்தான் முடியும். பிரம்மநாயகி அதிலிருந்து முக்கியமானதை எடுத்துத் தமிழில் எட்டுப் பக்கத்துக்கு எழுதி, டவுனில் ஒரு அச்சகத்தில் பச்சை அட்டை போட்டு அடித்து, மாவட்டம் முழுவதும் கொடுத்தாள். அதில்தான் வந்தது வினை.

அடிக்கிறவள் நிற்பதற்கு, பிளேட்டுக்கு இரு பக்கமும் சுண்ணாம்புத் தூளால் ஒவ்வொரு பெட்டி வரைந்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் நின்றுதான் அடிக்க வேண்டும். சில கில்லாடிகள் வந்து நின்றதுமே காலால் தேய்த்துக் கோட்டை இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். கோடு இல்லை என்றால் காலை எங்கே வைத்தாய் என்று யார் கேட்பது? அதற்காக இங்கிலீஷ் புத்தகத்தில், அடிக்கிறவள் வேண்டுமென்றே கோட்டை அழித்தால் அவள் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக் என்று போட்டிருந்தது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவள் அவுட். எதிர் அணிக்காரி அழித்தால், அடிக்கிறவளுக்குச் சாதகமாக, தப்பாக வீசிய பந்துக்குக் கொடுப்பதுபோல ஒரு ‘பால்’. பிரம்மநாயகி அந்த ‘வேண்டுமென்றே’யில் வந்து நின்றாள். ஒருத்தி மனசுக்குள் இருப்பது வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அம்பயர் என்ன குறி சொல்கிறவளா? ரெண்டு நாள் யோசித்துவிட்டு, அந்த வார்த்தையைத் தூக்கிக் கடாசினாள். ‘பெட்டிக் கோடு அழிந்தால் ஸ்ட்ரைக்’ என்று எழுதினாள். எவ்வளவு சுருக்கம், எவ்வளவு சுத்தம் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். மாவட்டத்தில் பிறந்த அத்தனை ஆட்டக்காரிகளும் கோட்டுக்குப் பயந்தே வளர்ந்தார்கள். மார்கழி மாசம் வாசலில் போட்ட கோலத்தைத் தாண்டுவதுபோல, பாவாடையைத் தூக்கிப் பிடிக்காத குறையாக, பைய அடியெடுத்து வைத்துப் பெட்டிக்குள் இறங்குவார்கள். காலை அழுத்தி ஊன்ற மாட்டார்கள். ஊன்றாமல் அடித்தால் பந்து எங்கே போகும்? பக்கத்து மாவட்டத்தார் ‘கோல டீம் வந்துட்டு’ என்று கேலி செய்வார்கள். ஒரு ஆடி மாசம் காற்றில் கோடு பறந்துபோனதற்கும் ஒரு பிள்ளை ஸ்ட்ரைக் வாங்கியிருக்கிறது. பிரம்மநாயகி எதற்கும் அசையவில்லை. ஒழுக்கம் என்றாள். அவளும் அப்படித்தான் நடந்தாள். மைதானத்தில் எந்தக் கோட்டின் மேலும் அவள் கால் பட்டு யாரும் பார்த்ததில்லை.

இப்படியே காலம் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அஸ்ஃபியா குடும்பத்தோடு ஊர் திரும்பினாள். திரும்பியவள் சும்மா இருந்தாளா? அங்கே பிலிப்பைன்ஸ்காரர்கள் வெள்ளிக்கிழமைதோறும் சாஃப்ட்பால் ஆடுவார்களாம், அவர்களோடு நின்று நின்று அம்பயர் வேலை முழுவதையும் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். தேசிய அம்பயர் பரீட்சை எழுதினாள். பிரம்மநாயகி ரெண்டு தடவை எழுதித் தவறிய பரீட்சை. இவள் ஒரே தடவையில் தேறினாள், அதுவும் முதல் இடம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

அவளுடைய எல்லாமே பிரம்மநாயகியை உறுத்தியது. தலையில் முக்காட்டுக்கு மேல் அவள் தொப்பி வைக்கிற அழகு. கைக்குள் அடங்கிய, பந்துக் கணக்கை எண்ணுகிற அந்தச் சின்னக் கருவி. ‘ஸ்ட்ரைக்’ என்று அவள் சொல்கிற குரலைக் கேட்டால் ரோட்டில் போகிற ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஆட்டம் முடிந்தால் பிள்ளைகள் அவளைச் சுற்றித்தான் நிற்கும். எல்லாவற்றையும்விட, அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள். பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்துவிட்டாள். சந்தேகம் வந்தால் ‘நாயகி, நீ என்ன சொல்லுத?’ என்று எல்லார் முன்னாலும் இவளையே கேட்டாள். ஒரு குற்றமாவது கண்டுபிடிக்க முடிந்தால் பிரம்மநாயகி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

“அவ உன்ன என்னளா செஞ்சா?” என்று குமரகுருபரன் ஒருநாள் கேட்டார்.

“ஒண்ணும் செய்யல.”

“பின்ன எதுக்கு அவ பேரக் கேட்டாலே உனக்கு முகம் சுருங்குது?”

“உங்களுக்குச் சோறு வைக்கவா, வேண்டாமா?”

அவர் சோறு கேட்டார்.

இந்த நிலைமையில் மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மகாராஷ்டிராவில் தேசிய ஜூனியர் போட்டி. தென் மாவட்டங்களிலிருந்து ஒரே ஒரு பெண் அம்பயரை அனுப்புவார்கள். திருநெல்வேலி மாவட்ட இறுதி ஆட்டத்துக்குத் தேவசிகாமணி என்கிற பார்வையாளர் நேரில் வருவார். அஸ்ஃபியா, பிரம்மநாயகி இருவரில் தகுதியானவரை அவர் சொல்லுவார். இருவரும் சரியில்லை என்றால் அந்த இடம் தூத்துக்குடிக்குப் போய்விடும். பிரம்மநாயகி கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மதுரையைத் தாண்டி அவள் எந்த ஆட்டத்துக்கும் நின்றதில்லை. வயசு எல்லையைப் பார்த்தால் இதுதான் கடைசி வாய்ப்பு. போக வேண்டும் என்கிற ஆசை பாதி. அஸ்ஃபியா வழியனுப்ப வந்து நின்று, ஒரே ஒரு தடவையாவது தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்கிற ஆசை மீதிப் பாதி. மீதிப் பாதிதான் பெரிது.

ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாளையங்கோட்டையில். சேரன்மகாதேவியும் வீரவநல்லூரும் மோதின. தேவசிகாமணி ஒல்லியான மனுஷர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்; முதல் நாள் அரையிறுதியில் பிரம்மநாயகியைப் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்துவிட்டார். இறுதி ஆட்டத்தில் பிளேட்டுக்கு அஸ்ஃபியா. அடித்தவள் முதலில் ஓடிச் சேர்கிற முதல் பேஸ் பக்கம் பிரம்மநாயகி.

மூன்றாவது இன்னிங்ஸில் வீரவநல்லூர்ப் பிள்ளை அர்வா அடிக்க வந்தாள். இடதுகைக்காரி. துணிச்சல்காரி, பெட்டிக்குள் இறங்கிப் பின்னங்காலை நன்றாக ஊன்றித் திருகினாள். பின்கோட்டில் ஒரு சாண் காணாமல் போயிற்று. பிள்ளை சட்டென்று குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டது. அஸ்ஃபியா ஸ்ட்ரைக் சொல்லாமல், வீசச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

சேரன்மகாதேவி அணியின் பயிற்சியாளர் விஜயஸ்ரீ எழுந்து வந்தாள். “மேடம், கோடு போச்சு. ஸ்ட்ரைக் கொடுங்க.”

“பிள்ளை கால ஊனுச்சு. ஊனுதது அழிக்கது ஆகாது” என்றாள் அஸ்ஃபியா.

முதல் பேஸில் நின்ற பிரம்மநாயகிக்கு அப்போது உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கிடைத்தது குற்றம். அதுவும் கோட்டில். அதுவும் பார்வையாளர் கண் முன்னால். பேஸ் அம்பயர் தன் இடத்தை விட்டு வந்து பிளேட் அம்பயரின் தீர்ப்பில் தலையிடக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? கால் கேட்கவில்லை, வந்துவிட்டாள்.

“கோடு அழிஞ்சா ஸ்ட்ரைக்தான். எங்க மாவட்டத்துல இருபது வருஷமா அதுதான் சட்டம். புஸ்தகத்திலயே இருக்கு” என்றாள். விஜயஸ்ரீ பச்சை அட்டைப் புத்தகத்தை நீட்டினாள்.

தேவசிகாமணி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பச்சைப் புத்தகத்தைப் படித்தார். பையிலிருந்து இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து அதையும் படித்தார். மறுபடியும் பச்சையைப் படித்தார்.

“‘அழித்தால்’னு இல்ல இருக்கணும்? இதுல ‘அழிந்தால்’னு இருக்கே. ‘வேண்டுமென்றே’ங்கிறதையும் காணோம். காக்கா வந்து அழிச்சாலும் ஸ்ட்ரைக்கா? யாரு இதை எழுதினது?”

எல்லாரும் பிரம்மநாயகியைப் பார்த்தார்கள். வந்த கடிதமும் மகாராஷ்டிராவும் அவள் கண் முன்னாலேயே கழன்று போவது தெரிந்தது.

“அச்சுப்பிழை சார்” என்றாள் அஸ்ஃபியா. “பிரஸ்ல த் போடவேண்டிய எடத்துல ந் போட்டுருப்பாங்க. ஒரு வார்த்தையும் விட்டுப்போயிருக்கும். நாயகி மேடம் எழுதிக் கொடுத்தது சரியாத்தான் இருந்திருக்கும்.”

“இருபது வருஷமா ஒருத்தரும் பார்க்கலையா?” என்று அவர் சிரித்தார். “சரி, திருத்திடுங்க. ஆட்டம் நடக்கட்டும்.”

எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். பிரம்மநாயகியும் போனாள். அச்சுக்காரர் பாவம், ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அது அவளுக்குத் தெரியும். அஸ்ஃபியாவுக்கும் தெரியும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். ‘இதுகூடத் தெரியாதா’ என்று சிரித்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பாள். காப்பாற்றிவிட்டாளே. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போலிருந்தது. நாம் மூடி போட்டுக் குந்தியிருக்க, இவள் இன்னமும் நடுவில் நின்று வீசிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று நினைத்தாள். கண் கலங்கியது. வெயிலுக்குக் கூசுவதுபோல் துடைத்துக்கொண்டாள்.

கடைசி இன்னிங்ஸ் வந்தது. இரண்டு அணியும் மூன்று மூன்று ரன். சேரன்மகாதேவி ஆடி முடித்து, வீரவநல்லூர் அடிக்க வேண்டிய நேரம். அணிகள் இடம் மாறின. அஸ்ஃபியா தண்ணீர் குடிக்கக் கொட்டகைப் பக்கம் போனாள். தேவசிகாமணிக்கு யாரோ மோர் கொடுத்தார்கள். பிளேட்டுக்குப் பின்னால் வேலியோரம் ஒரு பந்து கிடந்தது. பிரம்மநாயகி அதை எடுக்கப் போனாள்.

பந்தை எடுத்துக்கொண்டு திரும்பியவள் பெட்டியைச் சுற்றி வரவில்லை. இடதுகைக்காரிகள் நிற்கிற இடது பெட்டிக்குள் புகுந்து வந்தாள். முன்கோட்டின் மேல் வலது காலை வைத்து ஒரு தரம் இழுத்தாள். வெள்ளை போகவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். போய்விட்டது. அடிக்க வரப்போகிறவர்களில் அர்வா உண்டு, இடதுகைக்காரி, ஓடிக்கொண்டே அடிக்கிறவள். முன்கோடு தாண்டிக் கால் வைத்து அடித்தால் அவள் அவுட். கோடு இல்லாவிட்டால் அஸ்ஃபியா முழிப்பாள். பார்வையாளர் பார்ப்பார். கெடுவான் கேடு நினைப்பான் என்று தன் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அழித்த இடத்தை அவள் குனிந்து பார்க்கவில்லை. வானத்தில் வட்டமிட்ட பருந்தைப் பார்த்துக்கொண்டே முதல் பேஸுக்கு நடந்தாள்.

திரும்பி வந்த அஸ்ஃபியா முன்கோடு இல்லாததைக் கவனித்தாள். சுண்ணாம்பு போடுகிறவரைக் கண்ணால் தேடினாள். அவர் டீக்கடைக்குப் போயிருந்தார். ஒரு கோட்டுக்காக எல்லாரையும் வெயிலில் நிறுத்துவானேன் என்று ஆட்டத்தைத் தொடங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

ஒருத்தி தட்டுத்தடுமாறி மூன்றாம் பேஸ் வரை வந்து நின்றாள். அர்வா ஓடிவந்து பந்தைச் சுண்டினாள். பந்து உருண்டது, மூன்றாம் பேஸில் நின்றவள் ஓடிவந்து பிளேட்டைத் தொட்டாள், ஒரு ரன். வீரவநல்லூர்ப் பிள்ளைகள் குதித்தார்கள்.

“அவுட் மேடம். பெட்டிக்கு வெளிய கால வச்சு அடிச்சிருக்கா” என்று விஜயஸ்ரீ ஓடிவந்தாள். “எங்க, கோட்டக் காட்டுங்க.”

கோடு எங்கே இருக்கிறது காட்டுவதற்கு? அஸ்ஃபியா தரையைப் பார்த்தாள். பிறகு நேராக முதல் பேஸுக்கு வந்தாள். ஒருவருக்குத் தெரியாததை மற்றவரிடம் கேட்பது அம்பயர்களுக்குள் வழக்கம்தான்.

“நான் பந்தப் பாத்துட்டேன். கால் எங்கன இருந்துச்சு நாயகி? நீ பாத்தியா?”

பார்த்தாள். கண் கொட்டாமல் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் விழுந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. உள்ளேயா வெளியேயா என்று சொல்ல அவளுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. அவுட் என்று ஒரு வார்த்தை சொன்னால் அஸ்ஃபியாவின் கதை முடிந்தது. அந்தப் பொய் மட்டும் வாயில் வரவில்லை.

“தெரியல” என்றாள்.

அஸ்ஃபியா அவள் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கீழே, அவள் காலைப் பார்த்தாள். ஒரு நொடிதான். திரும்பிப் போய்க் கையை விரித்தாள். சந்தேகத்தின் பலன் அடித்தவளுக்கு. ரன் செல்லும். ஆட்டம் முடிந்தது. சேரன்மகாதேவிப் பிள்ளைகள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அழுதார்கள்.

கோப்பை கொடுத்து முடிந்ததும் தேவசிகாமணி இருவரையும் கூப்பிட்டார். அஸ்ஃபியா எழுதிக் கொடுத்த அறிக்கை அவர் கையில் இருந்தது. ‘இடது பெட்டியின் முன்கோடு அழிந்தது. திரும்பப் போடச் சொல்லாதது என் தவறு’ என்று எழுதியிருந்தாள்.

“பரீட்சையில முதல் மார்க் வாங்கினா மட்டும் போதாதும்மா. கோட்டைக் காப்பாத்தத் தெரியணும். அதுவே தெரியாதவங்களை எப்படி வெளியூருக்கு அனுப்புறது?” என்று அஸ்ஃபியாவிடம் சொன்னார். பிரம்மநாயகி பக்கம் திரும்பினார். “நீங்க நடுவுல தலையிட்டது தப்பு. ஆனா கேட்டப்போ, ‘தெரியல’ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த நேர்மை இருக்கே, அதுதான் அம்பயர். நீங்க போறீங்க.”

பிரம்மநாயகி ‘நன்றி சார்’ என்றாள். அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது நாக்கு கசந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் அஸ்ஃபியா காலில் கட்டியிருந்த காப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பிரம்மநாயகி பக்கத்தில் போய் நின்றாள். போகாமல் இருக்க முடியவில்லை.

“அறிக்கையில ஏன் அப்படி எழுதுன?”

“எப்படி எழுத?”

“உனக்குத் தெரியும்லா?”

அஸ்ஃபியா பையின் வாயை இழுத்து மூடினாள். “காலேஜ்ல இருந்து உன்னப் பாக்கேன். உன் பூட்ஸ்ல சுண்ணாம்பு ஒட்டி நான் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பாத்தேன்.”

பிரம்மநாயகி குனிந்து பார்த்தாள். வலது காலின் முனை வெளுத்திருந்தது.

“வேணும்னுதான் செஞ்சேன்” என்றாள். “அந்த எடம் ஒனக்குப் போகக் கூடாதுன்னு செஞ்சேன். நான் போகல அஸ்ஃபியா. இப்பவே சார்ட்ட போய்ச் சொல்லுதேன்.”

“சொல்லி? அந்த எடம் எனக்கா வரும்? ரெண்டு பேரும் லாயக்கில்லன்னு தூத்துக்குடிக்குக் கொடுத்துட்டுப் போயிருவாரு.” அஸ்ஃபியா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். “நீ போயிட்டு வா. ஆனா திரும்பி வந்து, அங்கன அப்படி நடந்துச்சு, இப்படி நடந்துச்சுன்னு எங்கிட்ட மட்டும் கதை சொல்லாத. எனக்குத் தாங்காது. பொறாமையா இருக்கும்.”

வண்டி போய்விட்டது. இருபத்தைந்து வருஷமாக பிரம்மநாயகி எந்த வார்த்தைக்கு ஏங்கினாளோ அந்த வார்த்தை, அதே வாயிலிருந்து, அவள் காதிலேயே விழுந்துவிட்டது. கேட்டால் இனிக்கும் என்று நினைத்திருந்தாள். அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

போனாள். போகாமல் என்ன செய்ய? ரெண்டு நாள் ரயிலும் பஸ்ஸுமாகப் போய்ச் சேர்ந்தாள். பெரிய மைதானம், பளிச்சென்று கோடு, பாஷை தெரியாத சனம். முதல் ரெண்டு ஆட்டம் பேஸில் நின்றாள். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிளேட்டுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

அந்த ஆட்டத்தில் உயரமான ஒரு பெண் அடிக்க வந்தாள். பெட்டிக்குள் இறங்கினாள். பின்காலால் மண்ணைக் கிளறிக் குழி பறிப்பதுபோலப் பாவனை பண்ணினாள், கோடு போயிற்று. ஊரில் என்றால் பிரம்மநாயகி யோசிக்காமல் ஸ்ட்ரைக் கொடுத்திருப்பாள். புத்தகம் தப்பு என்று தெரிந்த பிறகு, காலை ஊன்றினாள் என்று யோசிக்காமல் விட்டிருக்கவும் செய்வாள். இன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கால் தவறிப் பட்டவள் குனிந்து பார்ப்பாள். இவள் குனியவில்லை. தூரத்தில் மரத்தைப் பார்த்துக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றாள். அந்த விறைப்பு எப்படி இருக்கும் என்று பிரம்மநாயகியின் கழுத்துக்குத் தெரியும்.

கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தி, ஸ்ட்ரைக் என்றாள். குரல் மைதானத்துக்கு அந்தப் பக்கம் வரை போயிற்று.

பயிற்சியாளர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். தலைமை அம்பயரும் வந்தார். வேண்டுமென்றே செய்தாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதற்குள் அந்தப் பெண்ணே தலையைக் குனிந்துகொண்டாள். தலைமை அம்பயர் பிரம்மநாயகியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். மத்தியானம் சாப்பிடும்போது மற்ற மாநிலத்து அம்பயர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். சும்மா ஒரு ஊகம்தான் என்று சொல்லிவைத்தாள்.

ரயிலில் வரும்போது வழி முழுக்க அவள் மனசு அந்தக் கதையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கே ஆரம்பிக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தயாராக இருந்தது. குமரகுருபரனிடம் சொன்னால் ‘அப்படியா’ என்பார். பள்ளிக்கூடத்தில் சொன்னால் கைதட்டுவார்கள். குனிந்து பார்க்காத அந்த முகத்தைப் பற்றிச் சொன்னால் முழுசாகப் புரிகிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அவளுக்குப் போன் போட்டாள்.

“வந்துட்டியா?” என்றாள் அஸ்ஃபியா.

“வந்துட்டேன்.”

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே? அங்கன குளிருன்னாங்க.”

“குளிருதான்.”

அப்புறம் அஸ்ஃபியா ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் மேலப்பாளையத்துத் தெருவில் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. பிரம்மநாயகி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, நாளைக்கு உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.